காய்ச்சல் அண்ணனும் அரை கிலோ மஞ்சளும்

பூமியில் பிறந்த தமிழர்களிலேயே மஞ்சள் தூளைக் கண்டால் கொலைவெறி வந்த ஒரே ஆள் எங்கள் காய்ச்சல் அண்ணன்தான். சத்தியமாகச் சொல்கிறேன். பாம்பைக் கண்டால் ஒதுங்கிப் போவார். முதலாளியைக் கண்டால் பீடியை அணைப்பார். மஞ்சளைக் கண்டால் மட்டும் மனிதர் சண்டைக்குக் கிளம்பிவிடுவார்.

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் மெஸ் நடத்தும் அம்மாளிடம் ஒருநாள் என் கண்ணெதிரே கேட்டார்.

"ஏனுங்கம்மா, எனக்கு மட்டும் மஞ்சள் போடாம ஒரு கரண்டி சாம்பார் தனியா எடுத்து வெக்கறதுங்களா?"

அந்த அம்மாள் கும்பகோணம். கரண்டியை ஓங்கிவிட்டாள். "மஞ்சள் இல்லாத சாம்பாரா? என் அடுப்புல அது நடக்காது. வேணும்னா ரசத்தைக் குடிச்சுட்டுப் போங்கோ."

"ரசத்துலயும் மஞ்சள் இருக்குதுங்களே!"

"அப்போ மோர்!"

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து மோர் சாதம் மட்டும் சாப்பிட்டுவிட்டு, முழுச் சாப்பாட்டுக்கான காசைக் கொடுத்துவிட்டுப் போனார். இதற்கு எதற்கு மெஸ்ஸுக்கு வரவேண்டும் என்று எனக்கு அப்போது புரியவில்லை. சுற்றிலும் எல்லோரும் தமிழில் பேசிக்கொண்டு சாப்பிடும் இடம் அது ஒன்றுதான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிதிர்பூர் பக்கம் ஒரு லாரி யார்டில் நான் புக்கிங் கிளார்க். அப்பா மத்திய சர்க்கார் வேலையில் மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்டதால் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் கொல்கத்தா. வீடு லேக் கார்டன்ஸில். என் தமிழில் பாதி வங்காளம், என் பெண்ணின் தமிழில் முக்கால் வங்காளம். காய்ச்சல் அண்ணன் நாமக்கல் லாரி ஒன்றில் கிளீனராக வந்தவர். அந்த லாரியின் என்ஜின் எங்கள் யார்டு வாசலில் சூடேறிச் செத்தது. லாரியை எடைக்குப் போட்டுவிட்டு டிரைவர் ரயிலேறினார். இவர் ஏறவில்லை. "ஊருக்குப் போயி யாரைப் பாக்கறதுங்க சார்?" என்பார். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

ரேடியேட்டர் சுத்தம் செய்வதுதான் அவர் வேலை. யார்டுக்குள் லாரி வந்து நின்றதும் புறங்கையை பானெட்டின் மேல் வைத்து, கண்ணை மூடி, "காச்சல்!" என்பார். பீகார் டிரைவர்களும் வங்காளிகளும் அதையே அவருக்குப் பெயராக்கி, அண்ணன் என்கிற 'தாதா'வைச் சுருக்கி ஒட்டி, காச்சல்தா, காச்சல்தா என்று கூப்பிட்டார்கள். உண்மையான பெயர் எனக்கும் தெரியாது. பதினைந்து வருஷத்தில் கேட்கத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

காய்ச்சல் இறங்கும்வரை வண்டியைத் தொட விடமாட்டார். பம்பர் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். முதலாளியே வந்து கத்தினாலும் அசையமாட்டார். "சூட்டோட மூடியத் தொறந்தா மூஞ்சி வெந்துருமுங்க. அவரு மூஞ்சியத் தரச் சொல்லுங்க, தொறக்கறேன்" என்பார் என்னிடம். இதை நான் வங்காளத்தில் கொஞ்சம் மரியாதையாக மாற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் லாரிகள் சணல் மில்களுக்கு ஓடுபவை. ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே சணல் பஞ்சு போய் மெத்தை தைத்த மாதிரி அடைத்துக்கொள்ளும். காற்றுப் போக வழியில்லாமல் தண்ணீர் கொதிக்கும். முன்பக்கமிருந்து தண்ணீரைப் பீய்ச்சினால் பஞ்சு இன்னும் உள்ளே போகும் என்று, அண்ணன் என்ஜின் பக்கமிருந்து வெளியே பார்த்து மெதுவாகக் கழுவுவார். பிறகு வளைந்த தகடுகளைப் பேன்சீப்பால் வாரி நிமிர்த்துவார். ஆமாம், பேன்சீப்புதான். பவானிபூரில் ஒரு கடையில் டஜன் கணக்கில் வாங்குவார். கடைக்காரப் பெண்மணி தாங்கமாட்டாமல், "தாதா, வீட்டில் எத்தனை பேருக்குப் பேன்?" என்று கேட்டாளாம். இவர், "ஒன்பது லாரிக்கு" என்று தனக்குத் தெரிந்த வங்காளத்தில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவள் அடுத்த தடவை ஒரு வேப்பெண்ணெய் பாட்டிலை இலவசமாகக் கொடுத்தாள்.

மஞ்சள் விஷயத்துக்கு வருகிறேன். ரேடியேட்டர் ஒழுகினால் வழியில் டிரைவர்கள் செய்யும் கைவைத்தியம், உள்ளே மஞ்சள் தூளைக் கொட்டுவது. அது ஊறி ஓட்டையை அடைத்துவிடும். ஓட்டையோடு சேர்த்து உள்ளே இருக்கும் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும். அண்ணன் நாள் முழுக்க உட்கார்ந்து கழுவியதை ஒரு கைப்பிடி மஞ்சள் நாசமாக்கிவிடும். அவருக்கு அந்த நிறத்தின் மேலேயே வெறுப்பு வந்ததற்கு இதுதான் காரணம்.

தினம் சாயங்காலம் இரண்டு டீயோடு என் ஜன்னலுக்கு வந்துவிடுவார். பேச்சென்றால் ரம்பம். பேன்சீப்பில் மரம் நல்லதா பிளாஸ்டிக் நல்லதா என்று ஒரு மணி நேரம். என் தமிழைத் திருத்துவது அரை மணி நேரம். "அண்ணே, வேலை கெடக்கு, போங்கண்ணே" என்று எத்தனையோ நாள் விரட்டியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே போய்விட்டு மறுநாளும் வருவார்.

இரண்டு வருஷத்துக்கு முன் துர்கா பூஜைக்கு முந்தைய வாரம். பூஜை தொடங்கிவிட்டால் லாரிகளுக்கு நகருக்குள் நோ என்ட்ரி. அதற்குள் கடைசி லோடு போயாக வேண்டும். பைஜு ஓட்டும் லாரியின் ரேடியேட்டர் அடியில் ஒழுகல். "ஈயம் பத்த வெக்கணுமுங்க, நாளைக்குத்தான் நகரும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் ஈயம் வாங்கப் போய்விட்டார். முதலாளி போனில் பிடித்துக்கொண்டார். "இன்றைக்கு லோடு போகவில்லை என்றால் நாளைக்கு நீ வராதே!" எனக்கு ஐம்பத்து மூன்று வயது. பெண் அப்போதுதான் ஜாதவ்பூரில் படிக்கச் சேர்ந்திருந்தாள். இந்த வேலை போனால் வேறு வேலை கிடையாது.

அன்று காலையில்தான் ஈரோட்டிலிருந்து என் மைத்துனர் கொடுத்தனுப்பிய மஞ்சள் தூளை ஹவுரா ஸ்டேஷனில் வாங்கிக்கொண்டு நேராக ஆபீஸ் வந்திருந்தேன். பையில் அரை கிலோ. எவ்வளவு போடவேண்டும் என்று யாரைக் கேட்பது? சாம்பாருக்கு அரை ஸ்பூன் என்றால் லாரிக்கு அரை கிலோ என்று என் மேதாவித்தனம் கணக்குப் போட்டது. பைஜு டீக்கடையில் இருந்தான். முழுசையும் கொட்டினேன். ஒழுகல் நின்றது. லாரி போனது. திரும்பி வந்த அண்ணனிடம், "பைஜு அவசரம்னு எடுத்துட்டுப் போயிட்டான்" என்றேன்.

டன்குனி தாண்டி என்ஜின் கொதித்து நின்றுவிட்டது. பூஜை முடிந்த பிறகு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். முதலாளி, பைஜு, நான், எல்லோரும் சுற்றி நிற்க அண்ணன் அடிமூடியைத் திறந்தார். சேறு சேறாக மஞ்சள் வழிந்தது. முதலாளி யார்டே அதிரக் கத்தினார், "கே கொரேச்சே?" யார் செய்தது?

எல்லோரும் பைஜுவைப் பார்த்தார்கள். அவன் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்து அழ ஆரம்பித்தான். அண்ணன் அந்தச் சேற்றை விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தார். அப்புறம் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "ஆமி கொரேச்சி" என்றார். நான் செய்தேன்.

பாம்பு தன்னைத்தானே கடித்துக்கொண்டதாகச் சொன்னாலும் நம்பலாம், இதை எப்படி நம்புவது? ஆனால் முதலாளிக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. அன்றே போகச் சொல்லிவிட்டார். பேன்சீப்புகளை ஒரு பிஸ்கெட் டின்னில் போட்டுக்கொண்டு அண்ணன் வெளியே போனார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. பயம், வெறும் பயம்.

அதற்குப் பிறகு ஜாதவ்பூரில் ஒரு ஆட்டோ ஸ்டாண்டு ஓரம் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். பெண்ணின் காலேஜுக்குப் போகும் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். அடுத்த தடவையிலிருந்து வேறு பஸ் பிடித்தேன். ஒருநாள் பெண்ணைப் பார்க்கப் போனபோது எதிரிலேயே வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பாகக் கையைத் தூக்கி, "சார்!" என்றார். நான் போனைக் காதில் வைத்துப் பேசுவதுபோல நடந்து கடந்துவிட்டேன். போனில் யாரும் இல்லை. சார்ஜ்கூட இல்லை.

போன மாதம் பைஜுதான் வந்து சொன்னான். காச்சல்தாவுக்கு இரண்டாவது தடவை நெஞ்சுவலி, சர்க்கார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று. எப்படிப் போனேன் என்று தெரியாது. கட்டில் அட்டையில் 'காச்சல்' என்றே எழுதியிருந்தது. பாதி ஆளாக இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"அண்ணே, அன்னிக்கி மஞ்சள் போட்டது நான்தாண்ணே."

"தெரியுமுங்க சார்."

"எப்படி?"

"பைஜு போட்டிருந்தா இந்த ஊரு பாக்கெட் மஞ்சளுங்க. அது ஈரோட்டு மஞ்சளு. மோந்து பாத்தா எனக்குத் தெரியாதுங்களா? அந்த யார்டுல அது வேற யாருகிட்ட இருக்கும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்போ ஏண்ணே சொல்லல? பழியை ஏன் வாங்கிக்கிட்டீங்க?"

அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஏனுங்க, செய்யாத தப்புக்கு பைஜு அழுதுட்டு நின்னான். அவன் மேல பழி வுழ வுட முடியாதுங்க. உங்களைக் காட்டிக் குடுத்தா வேலைய வுட்டுத் தொரத்திருவாங்க. அப்புறம் நான் யாருகிட்டங்க தமிழ்ல பேசறது? நான் வெளிய போனாலும் நீங்க சாயங்காலம் அங்கதான இருப்பீங்க, வந்து பேசிக்கலாம்னு இருந்தேன்."

அவர் வந்திருக்கிறார். மூன்று தடவை கேட்டுக்கு வந்து என்னைக் கேட்டிருக்கிறார். மூன்று தடவையும் 'வேலையாக இருக்கிறார் என்று சொல்' என்று வாட்ச்மேனிடம் சொல்லியனுப்பியது நான்தான். அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. தலையணையைச் சரிசெய்துகொண்டு, "சரி, வந்துட்டீங்கல்ல, பேசுங்க" என்றார்.

"என்னண்ணே பேச?"

"எதுனாலும்."

பேசினேன். லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் விற்கும் அநியாய விலை, மாடி வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாருக்காகப் போட்ட சண்டை, என் பெண் வாங்கிய குறைந்த மார்க்கு. தினமும் நாலு மணிக்குப் போய் ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் விரட்டும்வரை பேசினேன். நடுநடுவே என் தமிழைத் திருத்தினார். பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். நர்ஸ் என்னைப் பார்த்து, இனி இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அன்றைக்குச் சொல்வதற்கு வைத்திருந்ததெல்லாம் வாய்க்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்து, "கிச்சு போல்ச்சேன்?" ஏதாவது சொல்கிறீர்களா, என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா, எங்க அண்ணன்கிட்ட பேசிட்டு வரேன்" என்றேன், தமிழிலேயே.