இரண்டு நரம்பு வாத்தியமும் என் பொன்னாடையும்

ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தவை ஏழாம் வகுப்புப் படிப்பும் ஒரு இரவல் கம்பளி ஜம்பரும்தான். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடி அறையில் பலரோடு நெருக்கியடித்துப் படுத்து, உணவகத்தில் கோப்பை கழுவி (கழுவுவதில் என்னை மிஞ்ச அந்தக் குசினியில் ஆள் இருக்கவில்லை), வெக்ஸ்போர்ட்டில் மரக்கறிக் கடை போட்டேன். கொட்டும் பனியில் முருங்கைக்காய் விற்றுக் காட்டினேன். பிக்கரிங்கில் வீடு வாங்கினேன். இத்தனையையும் மறந்துவிட்டு, சீனக் கச்சேரியைக் குழப்பியவன் என்றுதான் சனம் என்னைச் சொல்கிறது. ஆகவே நடந்ததை நானே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. என் கடைக்குப் பக்கத்துக் கடை காலியாகியிருந்தது. அதையும் எடுத்துச் சாப்பாட்டுக்கடை போட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. கட்டடச் சொந்தக்காரர் மிஸ்டர் வோங் பிடி கொடுக்கவில்லை. பேக்கரிக்காரன் ஒருவனும் அவரைச் சுற்றிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து, தன் மனைவி வாசிக்கும் சீனச் சங்கத்து மாலைக் கச்சேரிக்கு வோங் என்னையும் என் மனைவியையும் அழைத்தார்.

விடுவேனா? எனக்குப் போர்த்திய பொன்னாடைகளில் சரிகை மங்காத ஒன்றை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

மிஸிஸ் வோங் வாசித்தது எர்ஹூ. மடியில் நிறுத்தி வைக்கும் இரண்டு நரம்பு வாத்தியம். வில் அந்த இரண்டு நரம்புக்கும் நடுவில் சிக்கியே கிடக்கும். தனியே எடுக்க முடியாது. (இது எனக்குப் பிறகுதான் தெரியும்.) கண்ணை மூடி உருக்கமாக வாசித்துக்கொண்டிருந்தவர் ஓரிடத்தில் அப்படியே நிறுத்தினார்.

நான் எழும்பினேன்.

"இஞ்சாருங்கோ, எங்கை போறியள்? அது இன்னும் முடியேல்லை," என்று மனைவி புவனம் சட்டையைப் பிடித்தாள்.

"முடியுமட்டும் நிண்டால் சனம் எழும்பிப் போயிடும். எங்கடை கச்சேரியளிலை நடுவிலைதானே போர்த்திறது?"

"உது எங்கடை கச்சேரி இல்லையப்பா! அந்த மனுசி கண்ணை மூடிக்கொண்டிருக்கு."

"நல்லது. திறக்கேக்கை அதிசயிக்கும்."

மேடையேறிப் பின்பக்கமாகப் போய்ப் போர்த்தினேன். அதே நொடியில் அவர் வில்லை இழுத்தார். சரிகை நூல் வாத்தியத்தின் முறுக்காணியில் சிக்கியது. அவர் அலறியபடி எழும்பினார். நான் விடவில்லை, கொடுக்கத் தொடங்கிய மரியாதையை நடுவில் விடும் வழக்கம் எனக்கில்லை. அவர் இழுக்க, நான் இழுக்க, 'டங்' என்று ஒரு நரம்பு அறுந்தது.

வோங் மேடைக்கு ஓடிவந்தார். கீழே பேக்கரிக்காரன் சிரித்தான். சாப்பாட்டுக்கடை போய்விட்டது என்று முடிவெடுத்துக்கொண்டு, போவதுதான் போகிறது என்று மைக்கைப் பிடித்தேன்.

"வட் இஸ் திஸ்?" என்றார் மிஸிஸ் வோங்.

"ரெஸ்பெக்ற், மேடம்! அவர் பீப்பிள், பிக் ரெஸ்பெக்ற்!"

அவர் சால்வையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையும் சிரித்தது. புது நரம்பு பூட்டி, அந்தப் பாட்டை முதலிலிருந்து வாசித்தார், பொன்னாடையோடு.

மறுநாள் வோங் பக்கத்துக் கடைப் பூட்டின் திறப்போடு என் கடைக்கு வந்தார். கடை உனக்குத்தான், மனைவியின் தீர்ப்பு, ஆனால் இனி மேடைப் பக்கம் வரக்கூடாது என்றார். நான் ஒத்துக்கொண்டேன்.

இன்றைக்கும் எந்த விழாவிலும் நான் கதிரையை விட்டு எழும்பினால் பிள்ளைகள், "அப்பா எழும்பிறார், நரம்பைப் பிடியுங்கோ!" என்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு அந்தச் சீனக் கச்சேரியில் ஒவ்வொரு வருடமும் கலைஞர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். சால்வையை நான்தான் எடுப்பித்து என் கடையிலிருந்து அனுப்புகிறேன். போன முறை அறிவிப்பாளர் பெண், "இது எங்கள் சங்கத்தின் பழைய வழக்கம்" என்றாள்.

பழைய வழக்கமா? அறுந்த நரம்புக்கு மட்டும் நான் சொந்தக்காரனா? அடுத்த நிகழ்ச்சித்தாளில் என் பெயரைப் போட வேண்டும். தகப்பன் பெயரோடு, முழுதாக.