மெகாஹெர்ட்ஸ் அக்காவும் நானூற்று அறுபதும்

கம்ப்யூட்டர் வாங்கி, அதில் ஒரு கடிதம்கூட அடிக்காமல், ஒரு பாட்டுகூடக் கேட்காமல், ஒரு சீட்டாட்டம்கூட ஆடாமல் வைத்திருந்த ஒரே பிறவி இந்த உலகத்திலேயே எங்கள் மெகாஹெர்ட்ஸ் அக்காதான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். வேங்கிக்காலில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் நானும் அவரும் இன்னும் சிலரும் ஒரே அறை. நான் ஜெராக்ஸ் கடையில் டைப்பிஸ்ட். அவர் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுப்பவர். அவருடையது கீழ்பென்னாத்தூரில் நெல்லும் மல்லாட்டையும், அதாவது நிலக்கடலையும், போடுகிற குடும்பம். சம்பளம் வந்தால் நாங்கள் கம்மல் வாங்குவோம். அவர் பார்ட் பார்ட்டாக வாங்கிச் சேர்த்து, தானே ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டினார்.

பூட்டியவர் மூடவில்லை. பெட்டியின் பக்கத் தகடு எப்போதும் கழற்றியே இருக்கும். உள்ளே சீப்பு அளவில் ரேம், அதாவது மெமரி. அதன் மேல் கம்பெனிக்காரன் ‘நானூறு மெகாஹெர்ட்ஸ்’ என்று அதன் வேகத்தை ஒட்டி அனுப்பியிருந்தான். அதை அக்கா தனக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டார்.

“அவன் சொன்னா ஆச்சா? இது நானூத்தி அறுபதுல ஓடும்டி. மூஞ்சப் பாத்தாலே தெரியுது.”

எனக்கு அதன் மூஞ்சி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

வேகத்தைக் கூட்டுவது சுலபமாம். கூட்டிய வேகத்தில் அது தடுமாறாமல் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் பாடு. அதற்கென்று ஒரு டெஸ்ட், நீலத் திரையில் மணிக்கணக்காக ஓடும். மெமரியில் எதையாவது எழுதி, திரும்பப் படித்துப் பார்க்கும். எழுதியதும் படித்ததும் ஒத்துப்போகாவிட்டால் சிவப்புக் கோடு. சிவப்புக் கோடு விழுந்த நாளில் அக்கா சாப்பிட மாட்டார். சில சமயம் திரையே வராது. அப்போது உள்ளிருக்கும் வட்ட பேட்டரியை ஹேர்பின்னால் நெம்பி எடுத்து, செட்டிங்கையெல்லாம் மறக்கடிப்பார். எங்கள் அறையில் எவள் தலையிலும் ஹேர்பின் தங்கியதில்லை.

சித்திரை வெயிலில் பக்கத்து மலை சூடேறி ஊரையே வேகவைக்கும். எங்கள் ஒரே டேபிள் ஃபேனோ ரேமைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருக்கும்.

“எங்களுக்கும் வேர்க்குதுக்கா.”

“வேர்த்தா தொடச்சிக்கலாம்டி. அதுக்குச் சூடு ஏறுனா எர்ரர் வருது.”

ஒரு நாள் டெஸ்ட் ஓடும்போது எவளோ அயர்ன் பாக்ஸைச் சொருக, ஃபியூஸ் போய் விடுதியே இருண்டது. வார்டன் அம்மா படியேறி வந்தார்.

“கரண்ட ஜாஸ்தி இழுக்குது இந்தப் பொட்டி. கீழ விசிட்டர் ரூம்ல வை. ஞாயித்துக்கெழமையோட ஊருக்கு அனுப்பிடணும், ஆமா!”

அக்கா பதறிப்போனார். நானூற்று அறுபதில் ஒரே ஒரு முறையாவது கோடு விழாமல் முழு டெஸ்ட்டும் முடிந்துவிட வேண்டும். அதற்கு ஞாயிறுதான் கடைசி.

பாழாய்ப்போன அதே ஞாயிறுதான் அவரைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. ஊருக்கு வரச்சொல்லி அப்பா போன் செய்தார். “டெஸ்ட் ஓடுதுப்பா, எப்படி வர்றது?” என்றார் அக்கா. பெண்ணுக்கு கம்ப்யூட்டர் பைத்தியம் என்று ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மனுஷர் வேறு வழியில்லாமல், மாப்பிள்ளையையும் அவர் அம்மாவையும் வேனில் ஏற்றிக்கொண்டு விடுதிக்கே வந்துவிட்டார்.

விசிட்டர் ரூமில் அக்கா பட்டுப்புடவையில், திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் காபி கொடுத்தேன். மாப்பிள்ளை வேலூரில் ஏதோ ஆபீஸில் கிளார்க். ஒல்லி, சாது.

“இன்னாம்மா இது, திறந்து போட்டுக் கெடக்குது, ஆபரேஷனா?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அக்காவின் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். “கம்பெனிக்காரன் சொன்ன வேகத்துல ஓட்டேன்மா. எதுக்கு அதப் போட்டு வெரட்டற?”

“தாங்குதான்னு ஓட்டிப் பாக்காம எப்படிப்பா தெரியும்?”

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். இருந்தது, அது கீகீயென்று கத்த ஆரம்பித்தது. ஃபேனுக்கு இல்லை. ஃபேன் நின்றது.

“ஐயோ, சூடேறுதே! இன்னும் கொஞ்சந்தான் பாக்கி!” என்று அலறினார் அக்கா.

மாப்பிள்ளை எழுந்தார். டீப்பாயில் கிடந்த வாரப் பத்திரிகையை எடுத்தார். “எந்த எடத்துலங்க விசிறணும்?”

அக்கா காட்டினார். அவர் குனிந்து நின்று விசிறினார். சட்டை முதுகோடு ஒட்டியது. அவர் அம்மாவுக்கும் வேர்த்துக் கொட்டியது, பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. அட்டைப்படம் கிழிந்து நடிகை ஒருத்தி பறந்துபோய் அப்பாவின் மடியில் விழுந்தாள். யு.பி.எஸ். கடைசி மூச்சில் கத்திக்கொண்டிருந்தபோது டெஸ்ட் முடிந்தது. ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை.

அக்கா அப்போதுதான் முதல் தடவையாக மாப்பிள்ளையை ஏறிட்டுப் பார்த்தார்.

“கை வலிக்குதுங்களா?”

“அது கெடக்குதுங்க. மெஷின் தாங்கிடுச்சுங்களா?”

“பொண்ணு புடிச்சிருக்குதாடான்னு கேக்கலாம்னு இருந்தேன்,” என்றார் அவர் அம்மா. “இனிமே எதுக்குக் கேக்கறது?”

ஆவணியில் கல்யாணம். வேலூருக்குக் கிளம்பிய வேனில் பெட்டி படுக்கையெல்லாம் மேலே ஏறின. கம்ப்யூட்டரை மாப்பிள்ளை மடியில் வைத்துக்கொண்டார்.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் விடுதிக்கு அக்காவிடமிருந்து போன். எடுத்தவர் வார்டன் அம்மா. “அப்படியா! கோடே இல்லியா? நானூத்தி எம்பதா!” என்று அவர் கத்தியது மாடிவரை கேட்டது. நானூற்று எண்பது என்றால் என்னவென்று அவருக்கு அன்றைக்கும் தெரியாது. ஆனால் ராத்திரி சாப்பாட்டில் எல்லோர் தட்டிலும் கேசரி விழுந்தது.

“எதுக்கும்மா கேசரி?” என்று கேட்டாள், அக்காவைப் பார்த்தே இராத, விடுதிக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி.

“எங்க பொண்ணு பாஸ் பண்ணிட்டா,” என்றார் வார்டன் அம்மா.