இங்கனதான் எடுத்தாங்க

உடம்பை ஊரில் வைத்துவிட்டுக் கண்ணை மட்டும் கடற்கரையில் எடுத்த சினிமாப் படங்களில் வைத்து வாழும் ஓர் இனம் உண்டு. 'இங்கனதான் எடுத்தாங்க' இனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடிப்பது சுலபம். வேனில் முன்சீட்டுக்கு அடம்பிடிக்கும். நாகர்கோவிலைத் தாண்டியதும் அதன் ஆள்காட்டி விரல் தானாக ஜன்னலுக்கு வெளியே நீளும்.

ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்க்கும் சமுத்திரத்தைப் பாருங்களேன். பெயரில் கடல், ஊரில் கண்மாய். ஆனாலும் முட்டம் கடற்கரையில் எந்தப் பாறையில் எந்தக் கதாநாயகி அழுதாள், எந்தச் சந்தில் கதாநாயகன் அடிவாங்கினான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கல்யாணமான புதிதில் மனைவி பரிபூரணத்தைக் கடலுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னவர், மகள் பத்தாவது முடித்த பிறகுதான் கூட்டிப்போனார். பரிபூரணத்துக்குப் பாறையும் வேண்டாம், சந்தும் வேண்டாம். அலையில் கால் நனைக்க வேண்டும். அம்புட்டுத்தான். வாடகை வேன் டிரைவர் சோலைராஜோ, பொழுது அடைவதற்குள் வண்டியை எடுத்துவிடுவேன் என்று கிளம்பும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

கடலைக் கண்டதும் இந்த இனம் சந்தோஷப்படுமா? குறை சொல்லும்.

"படத்துல இன்னும் நீலமா இருக்குமே" என்று முகத்தைச் சுளித்தார் சமுத்திரம். பிறகு குடும்பத்தையே பாறை பாறையாக ஏற்றி இறக்கி, கேமரா நின்ற இடம், கதாநாயகி திரும்பிப் பார்த்த இடம், திரும்பாமல் போன இடம் எல்லாம் காட்டி முடித்து, பரிபூரணத்தைக் கதாநாயகி அழுத பாறையில் உட்காரவைத்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளச் சொல்லி செல்போனைத் தூக்கினார். சோகத்துக்கு அவள் சிரமப்படவே இல்லை. கூப்பிடு தூரத்தில் அலை வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. வெயிலும் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, செத்த நேரம் கால நனைச்சிட்டு வாரேன்."

"ஏட்டி, இரு. வெளிச்சம் போயிரும். அவ அழுதது இப்பிடி இல்ல, கன்னத்துல கைய வை."

அந்நேரம் பார்த்து வேன் ஹார்ன் அடித்தது.

பரிபூரணம் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். செருப்பைக் கழற்றி மகளிடம் கொடுத்தாள். கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு மணலில் இறங்கினாள்.

"அங்கிட்டு எங்க போற? அந்த எடத்துல ஒண்ணுமே எடுக்கல" என்று பாறை மேலிருந்து கத்தினார் சமுத்திரம்.

அவள் திரும்பவில்லை. சோலைராஜ் ஹார்னிலேயே கையை வைத்து அழுத்தியும் திரும்பவில்லை. முழங்கால் வரை நனைந்து, ஈரச் சேலையோடு வந்து வேனில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இனத்தின் சரித்திரத்தில் முதல் தடவையாகச் சமுத்திரம் பின்சீட்டில் ஊர் திரும்பினார்.

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் அந்தப் பாறைப் படம் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார் சமுத்திரம். கதாநாயகி பாறையில் அழுது முடித்து, மணலில் இறங்கி, அலையோரம் ஓடினாள். நாலு பேர் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிற பரிபூரணம், அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நடுக்கூடத்தில் நின்றாள். கரண்டியால் டிவியையே தொட்டுக் காட்டினாள்.

"ஒண்ணுமே எடுக்கலன்னீகளே? இந்தா, இங்கனதான் நான் கால் நனைச்சேன்."

சமுத்திரம் கழுத்தை நீட்டி அவளைத் தாண்டி எட்டிப் பார்த்தார். "மறைக்காத ஏட்டி, படத்தப் பாக்க விடு" என்றார்.

சிரிக்கிறீர்களா? நீங்களும் ஏதோ ஒரு கடற்கரைக்குப் போய்வந்தவர்தானே. அடுத்த தடவை டிவியில் அலை வரும்போது, எதற்கும் ஆள்காட்டி விரலை மடக்கி, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்ளுங்கள்.