பஸ்ஸில் ஏறிப் பார்த்துச் சேர்த்த ஆப்

கம்ப்யூட்டர் வேலைக்காகப் பஸ் டிக்கெட் எடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ராஜபாளையம் பஸ் அண்ணாச்சி. சந்தேகமிருந்தால் எந்தக் கண்டக்டரையும் கேளுங்கள்.

சுற்றுவட்டாரப் பஸ்கள் எப்போது, எங்கே வரும் என்று சொல்ல ஓர் இலவச ஆப் செய்திருந்தார். அதன் புரோகிராமை ஊருக்கே திறந்துபோட்டிருந்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தி அனுப்பலாம். ஆனால் அண்ணாச்சி அந்தத் திருத்தத்தோடு பஸ்ஸில் போய்வந்த பிறகுதான் ஆப்பில் சேர்ப்பார்.

கனடாவிலிருந்து ஒருவர் பட்டனின் நிறத்தை மாற்றி அனுப்பினார். அண்ணாச்சி உச்சி வெயிலில் வத்திராயிருப்பு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பதில் போட்டார்: "வெயில்ல தெரியல தம்பி. இன்னும் செத்த கருப்பாக்கி அனுப்புங்க. அங்க குளிராமே, காதை மூடிக்கங்க."

பெங்களூர்க்காரர் ஒருவர் ஆப்பை வேகமாக்கியிருப்பதாகப் பெருமையாக எழுதினார். "பஸ்ஸே அரைமணி நேரம் லேட்டு. நமக்கென்ன தம்பி அவசரம்?" என்றார் அண்ணாச்சி. ஆனாலும் போய்ப் பார்த்தார். அன்றைக்குத்தான் போனைப் பார்த்துக்கொண்டே இறங்கிக் காலை உடைத்துக்கொண்டார்.

அவர் மாவுக்கட்டோடு படுத்திருந்தபோது நஸ்ரினின் திருத்தம் வந்தது. நஸ்ரின் கூமாப்பட்டிப் பெண், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காலேஜில் பாடம் எடுப்பவர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருவண்ணாமலை என்ற குன்றின் பெருமாளைப் பார்க்க வரும் கூட்டத்தால் கூமாப்பட்டி கடைசி பஸ் அங்கே வேறு தெருவில் நிற்கும். ஆப்போ பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் சனிக்கிழமை.

"அந்தப் பொண்ணுதான் சொல்லுதுல்ல, சேத்துருங்க" என்றேன். நான் அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவன்.

"பாக்காம எப்பிடிச் சேக்க? தப்பாயிட்டா ரோட்ல நிக்கது நம்ம ஜனமில்லா?"

கடைசியில் நஸ்ரினுக்குப் போன் போட்டார். "நீ கண்ணால பாத்தியாம்மா?"

"தெனம் அதுலதான அண்ணாச்சி வாரேன். போன சனிக்கிழம நானே ஓடிப்போய்த்தான் ஏறுனேன். பின்னால ஒரு அம்மா கைப்பிள்ளையோட ஓடியாந்தாக. அவுகளால ஏற முடியல."

"பொறவு?"

"தெரியல அண்ணாச்சி. பஸ் கெளம்பிருச்சு."

அண்ணாச்சி என்னை லேப்டாப்பை எடுத்துவரச் சொல்லி, அதில் எதையோ தட்டிவிட்டுப் போனில் சொன்னார்: "சேக்குற உரிமைய ஒனக்கும் குடுத்துட்டேன். நீயே சேத்துரும்மா." மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். யார் திருத்தி அனுப்பினாலும், அதை ஆப்பில் சேர்க்க அதுவரை இன்னொரு கையை அவர் விட்டதில்லை.

மறுநாள் ராத்திரி கடைசி பஸ்ஸிலிருந்து நஸ்ரினின் போன் வந்தது. "அண்ணாச்சி, எல்லாரும் ஏறிட்டாக!"

"நீ ஒக்காந்திருக்கியா?"

"எடமில்ல. நின்னுக்கிட்டுத்தான் வாரேன்."

போனை வைத்தவர் முகம் வாடிவிட்டது. "எல்லாரும் ஏறிட்டாகள்ல, பொறவென்ன?" என்றேன்.

"என்னத்த பொறவென்ன? அம்புட்டுப் பேரையும் ஏத்திவிட்டுட்டு அந்தப் புள்ள கூமாப்பட்டி வரைக்கும் நின்னுக்கிட்டேல்ல போகுது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாடகைக்கு வீடு தேடிப் போன இடத்தில் எனக்கு இப்படியொரு மனிதர் கிடைத்தார்.