ஒன்பது வீட்டுக் குடித்தனக்காரி

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். வீட்டுச் சமாச்சாரம் பேசப் போகிறேன்; சத்தமாகச் சொன்னால் யாராவது வாங்கிச் சாம்பல் பெயிண்ட் அடித்துவிடுவார்கள்.

ஒஹையோவில் எங்கள் ஊர் டயர் ஃபாக்டரியை மூடிய பிறகு, ஹிக்கரி தெருவில் வீடுகள் சும்மா கிடந்தன. சும்மா கிடப்பதைப் பார்த்தால் சிலருக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவன் டஸ்டின். பழைய வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்குவான். வெளிச்சுவருக்குச் சாம்பல், உள்சுவருக்கு இளஞ்சாம்பல், தரைக்கு அந்த இரண்டுக்கும் தங்கச்சி முறையான இன்னொரு சாம்பல். சமையல் மேடையில் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் பிளாஸ்டிக் எலுமிச்சை. அவ்வளவுதான், வீடு புதுசாகிவிட்டது. கலிஃபோர்னியாவிலிருந்து பணம் படைத்தவர்களை வரவழைத்து, பஸ்ஸில் ஏற்றிக் காட்டி விற்றுவிடுவான்.

குடியிருக்க ஆள் உள்ள வீட்டுக்கு விலை கூடுதல். ஆனால் உண்மையான குடித்தனத்தை வைக்க அவனுக்குப் பயம். உண்மையான ஆள் என்றால் குழாயைத் திறப்பான். திறந்தால் தண்ணீர் வரும். எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி.

ஆகவே அவன் வெர்டெலைக் கூப்பிட்டான். பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் வேலை பார்த்து, வேலை போய், அக்கா லோர்னா வீட்டு சோஃபாவில் படுத்துக்கொண்டிருந்தவள் அவள்.

"சனிக்கிழமை மட்டும் வந்தா போதும், மிஸ் வெர்டெல். சமையல் ஏப்ரன் கட்டிக்கிட்டு வாசல்ல நில்லுங்க. பஸ் வந்ததும் கை ஆட்டுங்க. ஆட்டும்போது பல்லு தெரியணும்."

"உள்ள வந்தாங்கன்னா?"

"கேக் வாசனை வரும். பட்டைத்தூள் போட்ட ஆப்பிள் கேக். ஆனா அதை வெட்டக் கூடாது. அடுத்த தடவை அடுத்த வீட்டுக்கு அதேதான் போகணும். சூடு பண்ணினா வாசனை திரும்ப வந்துடும்."

முதல் சனிக்கிழமை ஒரு பல் டாக்டர் வந்தார். ஆலன் என்று பேர். வெர்டெலின் சிரிப்பைத் தொழில்முறையில் கவனித்தார்.

"இங்க சௌகரியமா இருக்கீங்களா, மேடம்?"

"இந்த வாசலைத் தாண்டி வெளிய போக மனசே வராது, டாக்டர்."

டாக்டர் அங்கேயே வாங்கிவிட்டார். முதல் ஒரு வருஷத்து வாடகையை மாசாமாசம் தானே அனுப்பி வைப்பதாக டஸ்டின் உத்தரவாதம் கொடுத்தான். அவர் கொடுத்த பணத்திலிருந்தே ஒரு கிள்ளு எடுத்து அவருக்கே அனுப்பினான். டாக்டருக்கு மகா திருப்தி. பஸ் போனதும் வெர்டெல் ஏப்ரனைக் கழற்றிவிட்டு சோஃபாவுக்குப் போனாள். சாவியைத் திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

இப்படியே அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு.

வாடகை வீடு என்று விற்க நகராட்சியின் சான்று வேண்டும். அதற்கென்று குடியிருப்பு உறுதிப்பாட்டு அதிகாரி ஒருவர் உண்டு, ஓர்வில். விளக்கு எரிகிறதா, திரைச்சீலை இருக்கிறதா, உணவின் மணம் வருகிறதா, தட்டினால் ஆள் திறக்கிறதா என்று நாலும் பார்ப்பார். ஆறாவது வீட்டில் அவருக்கே லேசாக ஒரு சந்தேகம்.

"உங்களை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே, மேடம்."

"போன மாசம் பக்கத்து வீட்டுல பாத்தீங்க, சார்."

ஓர்வில் யோசித்தார். "விதியில 'ஆள் இருக்க வேண்டும்'னுதான் இருக்கு. வேற ஆளா இருக்கணும்னு இல்ல." எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பதாவது வீடு விற்றபோது, மேயர் ஹிக்கரி தெருவுக்கு 'ஆள் நிறைந்த தெரு' என்று விருது கொடுத்தார். ஓர்விலுக்குச் சால்வை மாதிரி ஒரு பட்டை போர்த்தினார்கள். விழாவில் கைதட்ட அந்தத் தெருவில் ஆளில்லாததால் பக்கத்துத் தெருவிலிருந்து கூட்டி வந்தார்கள்.

குளிர் வந்தது. லோர்னாவின் புருஷன் சோஃபாவைப் பார்த்தபடி சொன்னான்: "பனி விழறதுக்குள்ள ஒரு வழி பண்ணிக்க, வெர்டெல். நானும் எத்தனை நாளைக்குத்தான் நாற்காலியில உக்காந்து ஃபுட்பால் பாக்கறது?"

வெர்டெல் டஸ்டினிடம் போனாள். "தம்பி, ஒன்பது வீடும் பூட்டித்தானே கிடக்கு. ஒண்ணை எனக்கு வாடகைக்குக் கொடேன். நிஜமாவே."

டஸ்டின் வருத்தத்தோடு தலையாட்டினான். "கொடுக்க ஆசைதான். ஆனா கம்பெனி நிபந்தனை ஒண்ணு இருக்கு. ஒரே விலாசத்துல ரெண்டு வருஷம் இருந்திருக்கணும். நீங்க ஆறு மாசத்துல ஒன்பது வீடு மாறியிருக்கீங்க. நிலையில்லாத ஆளுன்னு ஆயிடுது."

அவள் நகராட்சியின் வீட்டு உதவி ஜன்னலுக்குப் போனாள். வார நாட்களில் அந்த ஜன்னலுக்குப் பின்னாலும் ஓர்வில்தான், பட்டையோடு.

"சார், எனக்குத் தங்க இடமில்ல. ஹிக்கரி தெருவுல காலி வீடு ஏதாவது?"

"ஒண்ணு கூட இல்ல, மேடம். ஆள் நிறைந்த தெரு." பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"யார் இருக்காங்களாம்?"

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "முதல் வீட்டுல வெர்டெல் ஸ்டோக்ஸ். ரெண்டாவதுல வெர்டெல் ஸ்டோக்ஸ். மூணாவதுல..."

"அது நான்தான், சார்."

ஓர்வில் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். முகம் கடுத்துவிட்டது. "ஒன்பது வீட்டை வளைச்சுப் போட்டுக்கிட்டு இங்க வந்து வீடில்லைன்னு நிக்கறீங்களே! உங்களை மாதிரி ஆளுங்களாலதான் ஊர்ல வீட்டுப் பஞ்சம். மரியாதையா உங்க வீட்டுக்குப் போங்க!"

"இது ஆபீஸ் உத்தரவா, சார்?"

"உத்தரவுதான்!"

"சரிங்க, சார்," என்றாள் வெர்டெல். சட்டத்தை மதித்து வளர்ந்தவள்.

எந்த வீட்டுக்குப் போவது? ஒன்பதிலும் உட்கார்ந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான். பல் டாக்டர் வீட்டில்தான் குழாயில் தண்ணீர் குழாய் வழியாகவே வந்தது, ஹீட்டரும் இருமாமல் ஓடியது. போர்வையையும் காபிப் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை, பத்தாவது வீட்டுக்குப் பஸ் வருகிற நாள். வெர்டெலைக் காணோம் என்று தேடிய டஸ்டின், புகைபோக்கியில் புகையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

"இங்க என்ன பண்றீங்க?"

"குடியிருக்கேன்."

"நீங்க நிஜக் குடித்தனம் இல்ல! நடிக்க வந்தவங்க!"

"அதை நீயே டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லு, தம்பி."

டஸ்டின் போனை எடுத்தான், திரும்பப் பைக்குள் போட்டான்.

"நகராட்சிக்காரரைக் கூட்டிட்டு வந்து வெளிய தள்ளுவேன்!"

"நான் இங்க இல்லைன்னு எழுதினா மத்த எட்டு வீட்டுலயும் இல்லைன்னு ஆகும். அவர் பட்டையைக் கழட்டுவாரா?"

"வாடகை?" என்று கடைசியாகக் கத்தினான். "வாடகை யார் கொடுப்பா?"

"மாசம் தவறாம நீதானே கண்ணு அனுப்பிக்கிட்டு இருக்க. அதுக்கும் நன்றி சொல்லிக்கறேன்."

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. அதற்கு முன்னால் ஓர்விலின் சின்னக் கார். பத்தாவது வீட்டு வாசலில் ஈ காக்காய் இல்லை. டஸ்டினின் முகம் அவனுடைய சுவர்களைப் போல ஆயிற்று.

"மிஸ் வெர்டெல், இன்னிக்கு மட்டும்..."

"எனக்கு வீட்டு வேலை கிடக்கே," என்றவள், தன் ஏப்ரனை அவிழ்த்து அவன் கழுத்தில் மாட்டி, இடுப்பில் முடிச்சும் போட்டுவிட்டாள். "ஓடு, ஓடு. ஆட்டும்போது பல்லு தெரியணும்."

அவன் ஓடினான். பத்தாவது வீட்டில் விளக்கு எரிந்தது, திரைச்சீலை இருந்தது, தட்டினால் ஆள் திறந்தது. உணவின் மணம் மட்டும் இல்லை. "உங்களை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே," என்று சொல்லியபடி ஓர்வில் அதையும் இருப்பதாகவே சேர்த்து எழுதிக்கொண்டார்.

மணம் இங்கே வெர்டெலின் அடுப்படியில் இருந்தது. அவள் பிளாஸ்டிக் எலுமிச்சையைக் குப்பையில் கொட்டினாள். வீடு வீடாகத் தன்னோடு சுற்றி வந்த பழைய கேக்கையும் அதன் மேலேயே கவிழ்த்தாள். அடுப்பிலிருந்து புதிதாய் வெந்த கேக்கை எடுத்து மேடையில் வைத்து, கத்தியைத் தேடி எடுத்து, நட்ட நடுவில் வெட்டினாள்.