கொசுக்காரர் வீட்டு மாத்திரை

"குடுங்க, முழுங்கிடறேன்" என்று மனைவி கையை நீட்டினாள். மலேரியாக் காய்ச்சலோடு போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள்.

கொசுக்காரர் மாத்திரை அட்டையைக் கொடுக்கவில்லை. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எறும்பு ஊர்வது போன்ற எழுத்துகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"பதினோரு வருஷமா இதே மாத்திரையத்தானே ஊருக்கெல்லாம் குடுக்கறீங்க?"

"ஊரு வேற, நீ வேற. உனக்கு இது ஆறாம் மாசம்."

கொசுக்காரர் என்பது, மலேரியா ஒழிப்பு வேலையில் இருப்பதால் தெரு அவருக்கு வைத்த பெயர். மருந்து வேண்டாமென்று அடம்பிடிக்கும் வீடுகளுக்கு அவரைத்தான் அனுப்புவார்கள். பேசியே கரைத்துவிடுவார். முழுங்கினாலும் விடமாட்டார். "நாக்கத் தூக்குங்க, அடியில ஒளிச்சிருக்கா பாப்போம்" என்பார்.

அப்பேர்ப்பட்டவர் இப்போது, "கர்ப்பிணின்னா டாக்டரக் கேக்கணும்னு போட்டிருக்கு" என்றார்.

"சுகாதார நிலையத்து டாக்டர் பாத்துத்தானே எழுதிக் குடுத்தாங்க?"

"இன்னொருத்தரையும் கேட்டுடலாமே."

அவள் அவரையே சற்றுப் பார்த்தாள். "சரி, நிதானமா கேட்டுட்டு வாங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அட்டையைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு கிளம்பினார்.

முதலில் மருந்துக்கடையில் வேலை செய்யும் மச்சான்.

"மாமா, மாசமா இருக்கும்போது மலேரியா மாத்திரை ஒண்ணு ஆகவே ஆகாது."

"எந்த மாத்திரை?"

"அது ஞாபகம் இல்ல. ஆனா ஆகாது."

அரைகுறைப் பதில் முழுப் பயத்தைக் கொடுத்தது. ஊரின் மறுகோடியில் இருந்த பிரசவ மருத்துவரிடம் ஓடினார். அவருக்கு முன்னால் இருபத்தேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருமே கர்ப்பிணிகள். இவர் வயிற்றையும் ஒரு அம்மா சந்தேகமாகப் பார்த்தாள்.

மத்தியானம் ஒரு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். மருத்துவர் அட்டையைப் புரட்டினார்.

"ஆகாத மாத்திரை உண்டு. அது வேற, இது வேற. இத தாராளமா சாப்பிடலாம். குழந்தைக்கு ஆபத்து மாத்திரையால இல்ல, காய்ச்சலால. எப்ப ஆரம்பிச்சாங்க?"

"இன்னும்... இல்லீங்க."

"காலையிலேர்ந்து பையில வெச்சுக்கிட்டா சுத்தறீங்க? எழுந்து ஓடுங்க!"

ஓடினார். வழியில் ஒரு வீட்டு வாசலில் நிலத்தடித் தொட்டி மூடியில்லாமல் கிடந்தது. திறந்த தொட்டியைக் கண்டால் கொசுப்புழு இருக்கிறதா என்று எட்டிப் பார்க்காமல் அவரால் தாண்ட முடியாது. பதினோரு வருஷத்துப் பழக்கம், கால் தானாக நின்றது, இடுப்பு தானாக வளைந்தது. அட்டையும் தானாகப் பையிலிருந்து நழுவி, பத்தடித் தண்ணீரில் மினுமினுத்தபடி இறங்கியது.

"யோவ், குடிக்கிற தண்ணியில என்னத்தப் போட்ட?" என்று வீட்டுக்கார அம்மா துடைப்பத்தோடு வந்தாள்.

"மாத்திரைம்மா. என் பொண்டாட்டியோடது."

"அதை ஏன்யா என் தொட்டிக்குக் குடுக்கற?"

குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பில் நேராகச் சுகாதார நிலையத்துக்கு ஓடி, பதிவேட்டு எழுத்தரின் மேசைமீது இரண்டு கைகளையும் ஊன்றினார்.

"இன்னொரு அட்டை குடுப்பா. தப்புப் பண்ணிட்டேன். பயந்து, காலையிலேர்ந்து அவளுக்கு ஒரு வேளைகூடக் குடுக்கல."

எழுத்தர் நிதானமாகப் பதிவேட்டைத் திருப்பினார்.

"உங்க வீட்டம்மா காலையிலயே ஆட்டோ பிடிச்சு வந்து, வேற அட்டை வாங்கி, நர்ஸ் முன்னாடியே முழுங்கிட்டாங்க சார். கூடவே, மருந்து குடுக்க விடாம ஒருத்தர் அடம்பிடிக்கிறாருன்னு உங்க வீட்டு விலாசத்தையும் எழுதிக் குடுத்திருக்காங்க. அங்க போய்ப் பேசிக் கரைக்க உங்களத்தான் போட்டிருக்கோம்."