வேற ஊடு எனக்கெதுக்கு?

நான் கெட்டிக்காரன். இதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எங்கள் வீட்டில் வேறு ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கூடத்தை நான் விட்டது மீசை முளைக்க முதல். (பள்ளிக்கூடம் என்னை விட்டது என்று என் பெண்சாதி ஸுபைதா சொல்லுவாள். அதை எடுக்க வேண்டாம்.) மாபிள் கல் ஒட்டும் வேலைக்குச் சாந்து குழைக்கப் போனவன், கல்முனைக்குடியிலிருந்து பொத்துவில் வரைக்கும் குளியலறை என்றால் என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்கிற அளவுக்கு வந்தேன். அப்படிப்பட்ட மூளைதான் ஒருமுறை என் மகளின் கலியாணப் பேச்சையே கவிழ்க்கப் பார்த்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியும்தானே. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆம்பிளைக்கு வீடு என்றால் அது பெண்சாதியின் வீடுதான். மூத்த மகள் றிஸ்னாவுக்கு நிந்தவூரில் நல்ல இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். படித்த பொடியன், அரசாங்க வேலை. அவளுக்கு நான் கட்டிய வீடோ கூரை மட்டத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம்தான் பொத்துவிலுக்குப் பக்கத்து அறுகம்பைக் கடற்கரையில் ஒரு தங்குவிடுதிக்கு மாபிள் பதிக்கும் கொந்தராத்து கிடைத்தது. வெள்ளைக்காரர்கள் கடலில் பலகை ஓட்ட வரும் காலம். வேலை முடியும் வரைக்கும் தங்க, அறை வாடகையைக் கேட்டேன். கேட்ட உடனே பக்கத்தில் கிடந்த கதிரையில் உட்கார்ந்தேன். அந்தக் காசுக்கு றிஸ்னா சமைக்கப்போகும் குசினிக்கே சீமெந்து வாங்கலாம்.

விடுதிக்குப் பக்கத்து வெறும் வளவில் ஒரு வெள்ளைக்காரப் பொடியனும் அவன் பெண்சாதியும் வானுக்குள்ளேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் மூளை வேலை செய்தது. என்னிடமும் ஒரு வான் இருந்தது. சீமெந்தும் சாமானும் ஏற்றுகிற பழைய வான். பின் ஆசனங்களைக் கழட்டினேன், மெத்தையைப் போட்டேன், அவர்களுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வந்து, தன் வானிலிருந்து என் வானுக்கு உடுப்புக் காயப்போடும் கொடியொன்றைக் கட்டினாள். என்ன சொன்னாள் என்று விளங்கவில்லை. நான் “ஓக்கே, ஓக்கே” என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் பாதி அது.

ஸுபைதாவிடம் போனில், “ஏசி அறை, கட்டில் மெத்தையெல்லாம் இரிக்கி” என்று சொல்லியிருந்தேன். ஏசி இருந்தது உண்மை. வானின் ஏசி. அது வேலை செய்யாமல் போனது எந்தக் காலம் என்று எனக்கே மறந்துவிட்டது.

வான் வாழ்க்கை வெள்ளைக்காரனுக்கு எப்படியோ, எனக்குப் பொருந்தவில்லை. காலை நீட்டினால் கதவு, மடக்கினால் முழங்கால் நாடியில். முன் ஆசனத்துப் பக்கம் புரண்டால் பிரேக் கம்பி விலாவில் ஏறும். சுபஹுத் தொழுகைக்கு எழும்பி முன்கதவால் இறங்குகிற அவசரத்தில் ஹோர்னில் கையை ஊன்றி, பாங்குக்கு முதலே ஊரை எழுப்பிய நாட்களும் உண்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய கருவாடு முன் ஆசனத்துக்குக் கீழே, மண்ணெண்ணெய் அடுப்பு அதன் பக்கத்தில், வேர்வைச் சாரன்கள் அதற்கு மேலே. கிணற்றடிக் குளிப்பில் சவர்க்காரத்தையும் மிச்சம் பிடித்தேன். (சிக்கனம் என்று இறங்கினால் நான் அரைகுறையாகச் செய்வதில்லை.)

ஒரு காலையில் வானின் பக்கக் கண்ணாடியைப் பார்த்து முகம் வழித்துக்கொண்டிருந்தேன். பின்னால் சலாம் கேட்டது. திரும்பினால் ஹனீபா ஹாஜியார்! மாப்பிள்ளையின் தாய்மாமன். மீன் வியாபாரி, பொத்துவிலுக்கு லொறி கொண்டு வந்தவர். சம்பந்தத்தில் கடைசிச் சொல் அவருடையதுதான்.

“என்ன காக்கா, இஞ்ச நிக்கிறீங்க?” என்று அண்ணன் முறை வைத்து விசாரித்தார்.

“வேலை ஹாஜியார். பெரிய கொந்தராத்து.”

“தங்கிறது எங்க?”

காசு மிச்சம் பிடிக்க வானுக்குள் கிடக்கிறேன் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல முடியுமா? வானில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

“இதுதான் என்ட ஊடு! வேற ஊடு எனக்கெதுக்கு?”

அவர் என்னைப் பார்த்தார். உள்ளே கிடந்த தலையணையைப் பார்த்தார். கொடியில் என் சாரனோடு ஒட்டிக்கொண்டு ஆடிய பூப்போட்ட கவுனையும் பார்த்தார். “அல்லாஹ் லேசாக்கி வைப்பான்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நடந்தார். தொழிலுக்கு துஆக் கேட்கிறார் என்று நினைத்து நான் சத்தமாக ஆமீன் சொன்னேன்.

எங்கள் ஊரில் ஓர் ஆம்பிளை ‘எனக்கு வேற ஊடு எதுக்கு’ என்று சொன்னால் என்ன அர்த்தம்? பெண்சாதி வெளியே போட்டுவிட்டாள், அல்லது இவனே வேறொருத்தியைப் பார்த்துக்கொண்டான். இரண்டில் ஒன்று. கதை கல்முனைக்குடிக்குப் போய்ச் சேரும்போது இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து, பூப்போட்ட கவுனும் போட்டுக்கொண்டு போயிருக்கிறது. அதற்குப் பிறகு ஸுபைதாவுக்குப் போன் எடுத்தால் “ம்” என்று மட்டும் சொன்னாள். என்னைக் காணாத கவலை என்று நானும் கொஞ்சம் உருகினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வளவில் பசை குழைத்துக்கொண்டிருந்தேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு வாகனம் வந்து நின்றது. ஹாஜியாரும், எங்கள் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காரும் இறங்கினார்கள். பள்ளியில் தொழுகைக்கு முதல் கைகால் கழுவி வுளூச் செய்யும் இடத்து மாபிள் கழன்று கிடப்பது எனக்குத் தெரியும். அதற்குத்தான் என்னைத் தேடி இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்! எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மரைக்கார் தொண்டையைச் செருமினார். “தம்பி, ஒரு நல்ல காரியத்துக்கு வந்திரிக்கம்.”

“தெரியும் மரைக்கார். நீங்க சொல்லவே தேவல்ல.”

“அப்ப நல்லதாப் போச்சு. பழையத மறுகா ஒழுங்காக்கி எடுக்கணும்.”

“பழையதா?” சிரித்தேன். “அது சரிவராது மரைக்கார். ஒருக்கா வெடிப்பு விட்டா ஒட்டாது. கழட்டி எறிஞ்சிபோட்டுப் புதுசு போடுறதுதான் புத்தி.”

“அஸ்தஃபிருல்லாஹ்! இத்தின வருசமா இரிக்கிறத எறியிறதா?”

“வருசம் போனதுதானே பழுது. தண்ணி பட்டுப் பட்டு நிறமும் போயிட்டு. இப்ப புதுசு என்ன மாதிரி வந்திரிக்கி தெரியுமா? வெள்ளை. பூப்போட்டது. நான் பாத்தும் வெச்சிட்டன்.”

ஹாஜியார் கையை உதறினார். “போதும் மரைக்கார், வாங்க போவம். உம்மாவ எறியிற வாப்பாட ஊட்டுல எங்கட பொடியனுக்குப் பொண்ணெடுக்கேலா. சம்பந்தம் இத்தோட சரி.”

எனக்குக் கையிலிருந்த கரண்டி விழுந்தது. உம்மாவா? யாருடைய தாயை நான் எறிந்தேன்? வாய் திறக்க முதல் வாகனத்தின் கதவு திறந்தது. ஸுபைதா இறங்கினாள். முக்காட்டை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் வந்த வேகத்தைப் பார்த்து நான் பசை வாளிக்குப் பின்னால் போனேன்.

“எங்க அந்தப் பூப்போட்ட புதுசு? நானும் பாக்கணும்!”

“புள்ள, நான் மாபிள் கல்லச் சொன்னன்!”

“வெக்கம் கெட்ட மனுசன். கல்லு கவுன் போடுமா?”

கொடியில் கவுன் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அந்த நேரம் பார்த்து வெள்ளைக்காரப் பெண் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு கடலிலிருந்து வந்தாள். “ஹலோ அங்கிள்” என்று சொல்லி, ஒரு கையால் மூக்கைப் பொத்தி மறு கையால் கவுனை உருவிக்கொண்டு தன் வானுக்கு ஓடினாள். ஸுபைதா அந்த மூக்கைப் பார்த்தாள். பிறகு போய் என் வானின் கதவை இழுத்துத் திறந்தாள்.

வெயிலில் மூடிக் கிடந்த வான். கருவாடு, மண்ணெண்ணெய், சாரன், நான், எல்லாம் சேர்ந்த வாடை ஒன்றாக வெளியே வந்தது. மரைக்கார் இரண்டு எட்டுப் பின்னால் போனார். ஸுபைதா முக்காட்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். அவள் சொன்ன தீர்ப்பு இன்றைக்கும் ஊரில் இருக்கிறது.

“மரைக்கார், இந்த மனுசன் சுத்தம். இந்த நாத்தத்துக்குள்ள எந்தப் பொம்புளையும் வர மாட்டா.”

ஹாஜியாருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு தலையை உள்ளே விட்டார். மீன் வியாபாரி, தாங்குவார். மெத்தையைத் தூக்கினார். கீழே வரிசையாக மாபிள் பெட்டிகள். விடுதி முதலாளி வேண்டாம் என்று விட்டது, நான் கேட்டு வாங்கி அடுக்கி, அதன்மேல் படுத்திருந்தேன்.

“இது ஆருக்கு காக்கா?”

“மகள்ட ஊட்டுக்கு” என்றேன். அன்றைக்கு நான் பெருமை இல்லாமல் பேசியது அந்த ஒரு சொல்தான்.

ஹாஜியார் மெத்தையைப் பழையபடி விரித்துவிட்டார். “புள்ளைக்கு ஊடு கட்ட, தான் ஊடில்லாமக் கிடக்கிற மனுசன். இன்னும் என்னத்த விசாரிக்கிற? நாள் வைப்பம் மரைக்கார்.” மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “ஆனா நிக்காஹ்வுக்கு முதல் காக்கா குளிக்கணும்.”

ஸுபைதா அவர்களோடு திரும்பிப் போகவில்லை. வானைக் கழுவச் செய்துவிட்டு, “ஏசி அறை, ஏசி அறை” என்று கல்முனை வரைக்கும் என் பக்கத்தில் இருந்து ஏசிக்கொண்டே வந்தாள்.

இப்போது எனக்கு மூன்று மருமக்கள். மூவரும் சீதன வீட்டில், அதாவது என் பெண்பிள்ளைகளின் அதிகாரத்துக்குக் கீழே. யார் வீட்டில் சத்தம் பெருத்தாலும் அந்த மருமகன் என் வாசலில் வந்து நின்று, “மாமா, வான் திறப்பைத் தாங்க” என்று சாவிக்குக் கையை நீட்டுவார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், சண்டையும் முடிந்துவிடும். ஒருமுறை மூத்த மருமகன் ரோசத்தில் உண்மையாகவே திறப்பை வாங்கிக்கொண்டு போய்ப் படுத்தார். இரவு இஷாத் தொழுதுவிட்டு வந்து பார்த்தேன், றிஸ்னாவின் குசினியில் இருந்து புட்டுத் தின்றுகொண்டிருந்தார்.

படித்த பொடியன்தான். ஆனால் வானில் கிடக்க ஒரு தகுதி வேண்டும்.